வாசகர் கேள்வி–பதில்: இத்தாலியக் கூட்டுச்சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

பலெர்மோ, நாப்பொலி, பொலோஞ்ஞா என்று உறவினர் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கடிதங்கள் இம்முறை ஒரே விடயத்தைச் சுற்றி நிற்கின்றன. இரண்டு சொல் ஒட்டி ஒரு பெயராகும்போது அதை எப்படி அசை பிரிப்பது, எந்த அசையில் குரலை ஊன்றுவது என்பதுதான் அது. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டோம்.

வாசிக்க முன் எங்கள் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். இணைகோடு அசை பிரியும் இடம். அசைக்கு முன்னால் நிற்கும் ' அழுத்தம். நெடில் வந்தால் அங்கே உயிர் உண்மையிலேயே நீளும். மற்ற எல்லாம் குறில், சொல்லின் கடைசி ஒ, எ உட்பட. 'ச' என்று வருவது 'பச்சை'யில் உள்ள ச் ஒலி. ஸ, ஷ, ஜ, ஃப எல்லாம் அந்தந்த ஒலிக்கே. த எங்கும் பல்லில் படும் த. 'ரொறன்ரோ' என்று ர, ற போட்டு ஆங்கில ஒலியை எழுதும் எங்கள் ஊர் வழக்கம் இத்தாலியனுக்கு உதவாது.

*

கேள்வி: குடும்ப இணைப்பில் பலெர்மோ போக இருக்கிறேன். வகுப்பில் 'கபொஸ்தத்ஸ்யோனெ' (புகையிரத நிலைய அதிபர்) என்ற சொல் வந்தது. கபொ என்றால் தலைவர், ஸ்தத்ஸ்யோனெ என்றால் நிலையம். கொப்பியில் வரி முடிந்ததால் 'கபொஸ்-' என்று நிறுத்தி மிச்சத்தை அடுத்த வரியில் எழுதினேன். சிவப்புக் கோடு விழுந்தது. இரண்டு சொல்லும் தொடும் இடத்தில்தான் உடைக்க வேண்டுமா?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: கோடு விழுந்தது சரி. ஆனால் இரண்டு சொல்லும் தொடும் இடத்தை நீங்கள் தவறவிட்டீர்கள் என்பதற்காக விழவில்லை. இத்தாலியனில் வரி உடைப்பவர்கள் சொற்கள் எங்கே ஒட்டின என்று தேடுவதில்லை. முழுவதையும் ஒற்றைச் சொல்லாக எண்ணி, இரண்டு உயிருக்கு நடுவில் நிற்கும் மெய்களை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் சொல் க-பொ-ஸ்த-'த்ஸ்யோ-னெ. பொருத்து இருக்கும் இடத்திலேயே அசையும் பிரிந்தது தற்செயல்.

நடுவில் மெய் ஒன்றே நின்றால் அது பின்னால் வரும் உயிரோடு போகும். ஒரே மெய் இரட்டித்து நின்றால் நடுவால் பிளக்கும். சி, கியூ இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தையும் இரட்டையாகவே கொள்ளுங்கள்: தண்ணீர் 'அக்-க்வ. வெவ்வேறு மெய்கள் இரண்டு மூன்று சேர்ந்து நின்றால், அந்தக் கூட்டத்தோடு தொடங்கும் இத்தாலியச் சொல் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். உண்டென்றால் கூட்டம் முழுவதும் அடுத்த அசைக்குப் போகும். இல்லையென்றால் முதல் மெய் முன் அசையில் தங்கும். ஸ்த, ஸ்ப, ஸ்த்ர, ப்ர, த்ர என்று தொடங்கும் சொற்கள் நிறைய. ர்த, ல்வ, ம்ப என்று தொடங்கும் சொல் கிடையாது. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பெயரில் இரண்டும் வருகின்றன: அ-ஸ்பி-ர-'பொல்-வெ-ரெ. ஸ்ப பிரியாமல் போகிறது, ல்வ பிளக்கிறது. கார்க் கண்ணாடியில் மழைநீர் துடைக்கும் கை தெர்-ஜி-க்ரி-'ஸ்தல்-லொ. இதைப் பிழையில்லாமல் பிரிக்க வந்துவிட்டால் விதி கைவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று எழுத்தால் ஒரே ஒலியைக் காட்டும் இடங்களும் உண்டு: ஞ, ஷ, ல்ய ஒலிகள். அவற்றை உடைக்கவே கூடாது. புத்தகத்தில் வைக்கும் பக்க அடையாளம் ஸெ-ஞ-'லீ-ப்ரொ. ஞ ஒலிக்காக எழுதும் ஜீ, என் இரண்டும் ஒன்றாகவே அடுத்த அசைக்குப் போகும்.

எங்களுக்கு மட்டும் இந்த ஸ்த ஏன் உறுத்துகிறது? தமிழில் அசை மெய்யில் தொடங்காது. புள்ளி வைத்த எழுத்து முன்னால் நிற்கும் உயிரோடு ஒட்டிக்கொள்ளும். 'கஸ்தூரி'யைக் கஸ்-தூ-ரி என்று பிரித்துப் பழகிய காது 'கபொஸ்-' என்று நிறுத்தத்தான் பார்க்கும். அந்தக் காதைக் குறை சொல்லவும் முடியாது. வீடு 'கா-ஸ, 'கா' உயிரிலேயே முடியும் திறந்த அசை, அதனால் உயிர் நீள்கிறது. பஸ்தாவைக் கொப்பியில் ப-ஸ்த என்றுதான் பிரிக்கிறார்கள், ஆனால் வாயில் அந்த ப நீள்வதில்லை, ஸ் வந்து அதை அடைத்துவிடுகிறது. ஒலியியல் படித்தவர்கள் பலர் இதைக் காட்டித்தான் உச்சரிப்பில் அது பஸ்-த என்கிறார்கள். கொப்பிக்கு ஒரு கணக்கு, வாய்க்கு ஒரு கணக்கு. வகுப்பில் கேட்பது கொப்பிக் கணக்கு.

பொருத்தை அசை மதிக்காத சொற்களையும் பாருங்கள். ப்வொன் (நல்ல) + உஷீத (வெளியேற்றம்) சேர்ந்தது ப்வொ-னு-'ஷீ-த. வேலையை விட்டு விலகும்போது அல்லது வாடகை வீட்டைக் காலி செய்யும்போது கிடைக்கும் தொகை. மல் (கெட்ட) + உமோரெ (மனநிலை) சேர்ந்தது ம-லு-'மோ-ரெ, சினந்த மனநிலை. தமிழ் + அமுது = தமிழமுது என்று எழுதும்போது ழகரம் அகரத்தின் மேல் ஏறிக்கொள்கிறதே, அதே செயல்தான். 'தமிழ்-அமுது' என்று நிறுத்தி வாசித்தால் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் 'ப்வொன்-உஷீத' இத்தாலியர் காதுக்கு.

முன்னொட்டு உள்ள சில சொற்களுக்குச் சலுகை உண்டு. பூட்டன் என்பதற்குரிய சொல்லைப் பி-'ஸ்னொன்-னொ என்று பிரிப்பது பொது வழி. பிஸ் என்ற முன்னொட்டைப் பார்த்துப் பிஸ்-'னொன்-னொ என்று பிரித்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். எங்கள் யோசனை, பொது வழியோடேயே நிற்பது. சலுகையை நம்பத் தொடங்கினால் எந்தச் சொல்லுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று மனனம் செய்ய நேரும்.

*

கேள்வி: உரோமில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் அண்ணா, வாசல் மணிப் பேசியை 'சிதோஃபொனொ' என்கிறார். சுவரில் இருக்கும் வெப்பமூட்டியை 'தெர்மொஸிஃபோனெ' என்கிறார். ஒன்றில் நடுவில் நீட்டுகிறார், மற்றதில் பின்னால். அவர் பழக்கத்தில் சொல்கிறாரா, விதி இருக்கிறதா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: அண்ணா சொல்வது இரண்டும் சரி. விதியும் இருக்கிறது.

கூட்டுச்சொல்லில் குரல் ஊன்றும் இடம் கடைசித் துண்டுக்குச் சொந்தம். அந்தத் துண்டு தனியாக நின்றால் எந்த அசையில் அழுத்தம் விழுமோ, ஒட்டிய பிறகும் அங்கேதான். ஸி-'ஃபோ-னெ தனிச்சொல், ஆகவே தெர்-மொ-ஸி-'ஃபோ-னெ. 'போர்-தொ என்று நினைத்துவிடாதீர்கள், 'பொர்-தொ (துறைமுகம்) என்பதில் ர் அடைக்கிறது, உயிர் நீளாது. கடவுச்சீட்டு பஸ்-ஸ-'பொர்-தொ, விமான நிலையம் அ-எ-ரொ-'பொர்-தொ. கடைசித் துண்டின் அழுத்தம் முதலசையில் விழுந்து பின்னால் இரண்டு அசை தொங்கினாலும் மாற்றமில்லை: சாம்பல் 'சே-நெ-ரெ, சாம்பல் கிண்ணம் பொர்-த-'சே-நெ-ரெ. பழம் மரக்கறி விற்பவர் ஃப்ருத்-தி-'வென்-தொ-லொ.

சிதோஃபொனொ வேறு இனம். அதன் பின்துண்டு கிரேக்கத்திலிருந்து வந்த 'ஃபொனொ' (ஒலி). இத்தாலியனில் அது தனியாக நடமாடுவதில்லை. இப்படிப்பட்ட துண்டுகள் தம்மிடம் அழுத்தத்தை வைத்துக்கொள்ளாமல், தமக்கு முன்னால் நிற்கும் இணைப்பு உயிரிடம் கொடுத்துவிடும். சி-'தோ-ஃபொ-னொ, படம் பிடிப்பவர் ஃபொ-'தோ-க்ர-ஃபொ, வீதிச் சமிக்ஞை விளக்கு ஸெ-'மா-ஃபொ-ரொ, வெப்பமானி தெர்-'மோ-மெ-த்ரொ, கார்ப் பந்தயத் திடல் அவு-'தோ-த்ரொ-மொ. ஒரு பொறி உண்டு: 'மே-த்ரொ (மீற்றர்) தனிச்சொல்லாகவும் இருக்கிறது, ஆனாலும் கிலோமீற்றர் கி-'லோ-மெ-த்ரொதான். தெர்மொமேத்ரொ, கிலொமேத்ரொ என்று சொல்லிவிடுவது எங்கள் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழை. எல்லாக் கிரேக்கத் துண்டும் இப்படி நடக்காது. நூலகம் பி-ப்ல்யொ-'தே-க என்று பின்னால் ஊன்றும். 'ஈ-அ' என்று முடிவன அழுத்தத்தைத் தம்மிடம் இழுத்துக்கொள்ளும்: ஃபொ-'தோ-க்ர-ஃபொ ஆள், ஃபொ-தொ-க்ர-'ஃபீ-அ படம்.

தனியாக மனனம் செய்ய வேண்டிய ஒன்று பேருந்து. அது 'அவு-தொ-புஸ், முதலசையில். நெடுஞ்சாலை அவு-தொ-'ஸ்த்ரா-த என்பதோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

பயிற்சிக்கு நாங்கள் சொல்வது, பின்னாலிருந்து கட்டுங்கள் என்பதே. முதலில் 'பொல்-வெ-ரெ (தூசு) மட்டும் மூன்று தரம். பிறகு ர-'பொல்-வெ-ரெ. பிறகு ஸ்பி-ர-'பொல்-வெ-ரெ. கடைசியில் அ. முன்னால் எத்தனை அசை சேர்ந்தாலும் பொல் அசையக் கூடாது. முன்னாலிருந்து வாசித்தால் தமிழ் நாக்கு 'அஸ்பீரா' என்று நீட்டி, மூச்சு விட்டு, 'பொல்வெரெ' என்று புதிதாகத் தொடங்கும். அப்போது இத்தாலியர் காதில் விழுவது இயந்திரத்தின் பெயர் இல்லை. 'அவர் தூசை உள்ளிழுக்கிறார்' என்ற முழு வசனம். முதல் துண்டுக்குக் கொஞ்சம் ஊன்று இருக்கலாம், இருக்கவும் செய்யும். ஆனால் நெடிலாக நீள்வது ஒருபோதும் இல்லை.

*

கேள்வி: தமிழ் கற்பிக்கிறேன். மகளின் புத்தகத்தில் 'ஸோப்ர' + 'துத்தொ' சேர்ந்து 'ஸொப்ரத்துத்தொ' (எல்லாவற்றுக்கும் மேலாக) ஆகிறது. எங்கள் வல்லினம் மிகுதல் இத்தாலியனிலும் இருக்கிறதா?
— ஆசிரியர், மானிப்பாய்

பதில்: இருக்கிறது, ஐயா. தமிழ் படித்தவருக்கு அதில் ஒரு வசதியும் கிடைக்கிறது.

பலா + பழம் பலாப்பழம் ஆவதுபோல, சில முன்துண்டுகள் தமக்குப் பின்வரும் மெய்யை இரட்டிக்கச் செய்யும். ஸோப்ர + நோமெ (பெயர்) = ஸொ-ப்ரன்-'னோ-மெ, பட்டப்பெயர். கொன்த்ர + பஸ்ஸொ = கொன்-த்ரப்-'பஸ்-ஸொ, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய நரம்பு வாத்தியம். ஃப்ர + தெம்பொ (காலம்) = ஃப்ரத்-'தெம்-பொ, இடைப்பட்ட நேரம். இரட்டித்ததும் அசையும் மாறுகிறது. தனியாக நின்றபோது திறந்திருந்த 'ப்ர' இப்போது 'ப்ரத்', 'ப்ரன்' என்று அடைபடுகிறது. வரி உடைக்கும்போது இரட்டையின் நடுவில் உடைக்க வேண்டும்.

தமிழோடு ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. எங்களிடம் மிகுவது க, ச, த, ப நான்கு மட்டும். அவர்களிடம் ன, ம, வ எல்லாம் இரட்டிக்கும். ஸ் + வேறு மெய் என்று தொடங்கும் சொல் வந்தால் இரட்டிக்காது. உயிரில் தொடங்கும் சொல் வந்தால் ஸோப்ர தன் கடைசி உயிரை விட்டுவிடும்: ஸோப்ர + ஆபிதொ (உடை) = ஸொ-'ப்ரா-பி-தொ, மேலங்கி.

எந்த முன்துண்டு மிகுவிக்கும், எது மிகுவிக்காது என்பதில்தான் கவனம் வேண்டும். 'கொன்த்ர' மிகுவிக்கும்; அதே பொருளுள்ள 'கொன்த்ரொ' மிகுவிக்காது: கொன்-த்ரொ-'லூ-செ, எதிர்வெளிச்சம். மேல் என்னும் ஸோப்ர மிகுவிக்கும். கீழ் என்னும் 'ஸொத்தொ' மிகுவிக்காது: படத்தின் கீழ் ஓடும் வரிகள் ஸொத்-தொ-'தீ-தொ-லி. கடைசி அகரம், கடைசி ஒகரம் என்று பார்த்து வைத்துக்கொண்டால் இந்த நான்குக்கும் பிழைக்காது. முழு மொழிக்கும் அது விதியாகாது.

இத்தாலியரே ஸொப்ரத்துத்தொவில் ஒரு தகரத்தை விட்டு எழுதிவிட்டுத் திட்டு வாங்குவார்கள். பேச்சில் இந்த இரட்டிப்பு தனிச்சொற்களுக்கு நடுவிலும் நடக்கும். உரோமிலும் அதற்குத் தெற்கேயும் 'அ காஸ' (வீட்டுக்கு) என்பதை 'அக்காஸ' என்கிறார்கள். மிலானில் அப்படிச் சொல்வதில்லை. எழுத்தில் அது ஏறாது. 'அந்தக் கடை' என்று நாங்கள் ஒற்றை எழுதியே காட்டுகிறோம். அவர்கள் சொற்கள் ஒன்றாக ஒட்டினால் மட்டும் காட்டுகிறார்கள்.

*

கேள்வி: 'த்ரெ' (மூன்று) எழுதும்போது மேலே கோடு இல்லை. இருபத்துமூன்று எழுதும்போது கோடு கேட்கிறார்கள். ஒரே எண்தானே?
— உயர்தர மாணவன், உரும்பிராய்

பதில்: தம்பி, ஓரசைச் சொல்லில் அழுத்தம் வேறு எங்கும் போக முடியாது. ஆகவே கோடு தேவையில்லை. இருபதோடு ஒட்டி வென்-தி-'த்ரெ ஆனதும் சொல்லுக்கு மூன்று அசை வந்துவிட்டது, அழுத்தம் கடைசியில் நிற்கிறது. கடைசி உயிரில் அழுத்தம் விழும் பல அசைச் சொல் எதுவானாலும் கோடு கட்டாயம். நீலம் என்னும் 'ப்லு'வுக்குக் கோடில்லை, சிவப்பு நீலச் சட்டை அணியும் பொலோஞ்ஞா அணியை ரொஸ்-ஸொ-'ப்லு என்று எழுதும்போது உண்டு. அரசன் 'ரெ'க்குக் கோடில்லை, அரசப் பிரதிநிதி வி-செ-'ரெவுக்கு உண்டு. இந்தக் கடைசி உயிர் நீளாது என்பதையும் குறித்துவை. 'வென்தித்ரே' என்று இழுக்காதே.

கோட்டின் சாய்வும் முக்கியம். வென்தித்ரெ, விசெரெ, 'பெர்கெ' (ஏன்) ஆகியவற்றில் கோடு வலப்பக்கம் மேலேறும். கஃப்ஃபெ (கோப்பி), ஓரசையானாலும் விலக்காகக் கோடு பெறும் தெ (தேநீர்) இவற்றில் வலப்பக்கம் கீழிறங்கும். அ, இ, ஒ, உ நான்குக்கும் கீழிறங்கும் கோடு போட்டால் போதும். கைப்பேசியில் அந்த எழுத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு கோடும் வரும், பார்த்து எடு. கோப்பி பாலோடு ஒட்டிக் கஃப்-ஃபெல்-'லத்-தெ ஆகும்போது அழுத்தம் பாலுக்குப் போய்விடுகிறது, கோடும் விழுந்துவிடுகிறது.

*

கேள்வி: 'ஃபெர்ரொவீஅ' (புகையிரதப் பாதை) மூன்று அசையா, நான்கா? 'எமீல்ய' என்ற பகுதிக்கு மூன்று என்கிறார்கள். இரண்டும் ஒரே இரண்டு எழுத்தில்தானே முடிகின்றன?
— வாசகி, சுன்னாகம்

பதில்: ஃபெர்-ரொ-'வீ-அ நான்கு. எ-'மீ-ல்ய மூன்று. முடிவில் இருக்கும் இகரத்தில் அழுத்தம் விழுந்தால் அது தனி அசை. விழாவிட்டால் யகரமாகக் குறுகி அடுத்த உயிரோடு ஒட்டிவிடும். ஃபெர்ரொவீஅவின் பின்துண்டு 'வீ-அ, பாதை, அழுத்தம் இகரத்தில். பலெர்மோவில் எங்கள் சனங்களும் பெல்லெக்ரீனொ மலைக்கு ஏறிப்போய்க் கும்பிடும் புனிதையின் பெயரும் அப்படித்தான், ரொ-ஸ-'லீ-அ. அதை 'ரொசாலியா' என்று நாங்கள் எழுதுவதில் நீளம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.

அசை இரண்டானாலும் வரி உடைக்கும்போது இரண்டு உயிரையும் பிரிக்காமல் விடுவது நல்லது. வீ ஒரு வரியிலும் அ அடுத்த வரியிலும் என்று எழுத வேண்டாம். பொருத்தில் உயிரும் உயிரும் மோதும் சொற்கள் மட்டும் விலக்கு: குடை வைக்கும் தாங்கி பொர்-த-ஒம்-'ப்ரெல்-லி, அங்கே தவுக்கும் ஒவுக்கும் நடுவில் உடைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். பொருத்து எங்கே என்பது கணக்கில் வரும் அபூர்வமான இடம் இது. வாசிக்கும்போது நடுவில் வகரம் சேர்த்துப் 'பொர்தவொம்ப்ரெல்லி' ஆக்கிவிடாதீர்கள். உடம்படுமெய் எங்கள் நாக்கின் பழக்கம், அவர்களிடம் இல்லை.

*

கேள்வி: இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொப்பியில் எழுதிப் பாடமாக்கலாமா? வகுப்பில் கூடாது என்கிறார்கள்.
— வாசகர், குருநகர்

பதில்: அழுத்தத்தையும் நீளத்தையும் குறிக்கத் தமிழ் எழுத்து நல்ல கருவி, இந்தப் பக்கத்திலேயே அதைத்தான் செய்கிறோம். நெடிலை அழுத்தம் விழும் திறந்த அசைக்கு மட்டும் ஒதுக்கிவைத்தால் கொப்பியே சொல்லிக் கொடுக்கும். ஆனால் மெய்களில் அது காலை வாரிவிடும்.

தலைமுடி க-'பெல்-லொ. தொப்பி கப்-'பெல்-லொ. 'கபெல்லொ' என்று எழுதினால் தமிழ்ப் பழக்கத்தில் நடுப் பகரம் 'அபாயம்' என்பதில் வருவதுபோல மெலிந்துவிடும். மெலியாமல் காக்க 'கப்பெல்லொ' என்று எழுதினால் தொப்பியாகிவிடும். இரட்டிக்காமலும் மெலியாமலும் உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றைப் பகரம் எங்களிடம் இல்லை; க, த இரண்டுக்கும் இதே கதை. முடி உலர்த்தும் கருவி அ-ஷு-க-க-'பெல்-லி. அதைக் 'கப்பெல்லி' என்று சொன்னால் தொப்பி உலர்த்துகிற கருவி கேட்கிறீர்கள். துவாய் அ-ஷு-க-'மா-னொ, இங்கே ககரம் உண்மையிலேயே மெலிந்தது, எங்கள் 'அகம்' போலத் தேய்ந்துவிடாமல் 'அங்கம்' என்பதில் உள்ளதுபோலத் தெளிவாக வரவேண்டும்.

ஆகவே உரோமன் எழுத்தில் சொல்லை எழுதி, அதன் கீழே பென்சிலால் அசைக்கோடும் அழுத்தக் குறியும் மட்டும் போடுங்கள். முழுச்சொல்லையும் தமிழில் எழுதி அதையே பார்த்துப் படிப்பது முதல் மாதத்துக்கு மேல் வேண்டாம்.

ஸகரத்தில் உங்களுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது. சூரியகாந்தி ஜி-ர-'ஸோ-லெ. தனிச்சொல்லின் நடுவில் வரும் ஸகரத்தை வட இத்தாலியர் தேனீ ரீங்காரம்போல் அதிரச் செய்வார்கள். ஆனால் இங்கே அது 'ஸோலெ' என்ற இரண்டாம் சொல்லின் தொடக்கம், ஆகவே அதிராது. அதிராத ஸ்தான் எங்களுக்குத் தெரிந்த ஸ். வாயில் வருகிறபடியே சொல்லுங்கள்.

*

கேள்வி: எ, ஒ இரண்டையும் திறந்தும் மூடியும் சொல்ல வேண்டும் என்கிறார்களே?
— வாசகி, நல்லூர்

பதில்: உண்மை. வாயை அகலத் திறந்து சொன்னால் திறந்தது, குறைவாகத் திறந்தால் மூடியது. மீன்பிடித்தலும் பீச் பழமும் ஒரே எழுத்துகளில் 'பெஸ்க'தான். முன்னதில் எகரம் மூடியது, பின்னதில் திறந்தது. கூட்டுச்சொல்லின் முதல் துண்டு தன் திறந்த ஒகரத்தைத் தக்கவைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சிசிலியில் பேசும் இத்தாலியனில் இரண்டும் பெரும்பாலும் திறந்தே ஒலிக்கும், யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அதற்குச் செலவழிக்கும் நேரத்தை அழுத்தத்துக்குக் கொடுங்கள். தமிழில் எ–ஏ, ஒ–ஓ வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் என்று நாம் போற்றும் வீரமாமுனிவர் 1680 இல் இத்தாலியின் க-ஸ்தி-'ல்யோ-னெ என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய தாய்மொழியில் அந்த இரண்டு உயிருக்கும் இன்றுவரை ஒற்றை எழுத்துதான்.

*

கேள்வி: கோவில் பாடகர் குழுவில் இத்தாலியப் பாடல் ஒன்றை எடுத்திருக்கிறோம். சுரத்தின் கீழ் சொல்லைப் பிரித்து எழுத வேண்டும்.
— வாசகர், இளவாலை

பதில்: மேலே பருத்தித்துறை வாசகிக்குச் சொன்ன அதே பிரிப்புத்தான். அங்கே கண்ணை உறுத்திய ஸ்த இங்கே உதவி செய்யும். ஒரு அசையைப் பல சுரங்களில் இழுக்கும்போது உயிரைத்தான் இழுக்க வேண்டும், மெய்யை இழுக்கக் கூடாது. ப-ஸ்த என்று எழுதியிருந்தால் பாடுபவர் பவை இழுத்து, ஸ்தவை அடுத்த சுரத்தில் வைப்பார். இரட்டை மெய் வந்தால் முதல் பாதியைக் கடைசிக் கணம்வரை மூட வேண்டாம். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் பெரும்பாலும் ஒரே சுரத்தைப் பகிரும்: 'தொல்-செ அ-'மோ-ரெ (இனிய அன்பு) என்பதில் 'செஅ' ஒரு சுரம். அசைகளைவிடச் சுரங்கள் குறைவாக இருப்பதாகத் தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

வாத்தியப் பெயர்களையும் கேட்டிருந்தீர்கள். ப்ய-னொ-'ஃபொர்-தெ மெதுவும் உரப்பும் சேர்ந்த கூட்டு. வ்யொ-லொன்-'செல்-லொ கூட்டே இல்லை, வ்யொலோனெ என்னும் பெரிய வாத்தியப் பெயரின், 'சிறியது' என்று காட்டும் வடிவம். அதை 'வயலின்செலோ' என்று எழுதுவது பிழை.

*

கேள்வி: கணினியில் இத்தாலியக் கடிதம் தட்டும்போது வரி முடிவில் அதுவாகவே தவறாக உடைக்கிறது.
— வாசகர், கொக்குவில்

பதில்: ஆவணத்தின் மொழி ஆங்கிலம் என்று இருக்கும். பந்தியைத் தெரிவுசெய்து மொழியை இத்தாலியன் என்று மாற்றினால் ஸ்தவும் ஸ்பவும் ஒழுங்காகப் போகும். இணைகோட்டை நீங்களாகத் தட்டிச் சேர்க்காதீர்கள். பிறகு எழுத்தளவை மாற்றும்போது அது வரி நடுவில் வந்து நிற்கும். கடிதத்தில் உங்கள் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், வீதிப்பெயர் மூன்றையும் எந்த விதிப்படியும் உடைக்க வேண்டாம். இடம் போதாவிட்டால் முழுதாக அடுத்த வரிக்கு இறக்கிவிடுங்கள்.